80 பேரிடம் கேட்டாயிற்று, எத்தனை பார்சல் கட்டுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் விற்கத் தொடங்கப் போகிறேன், நாளுக்கு 50. எந்தக் கறியோடு வாங்குவார்கள் என்று 80 பேரிடம் கேட்டேன். மீன் 32, மரக்கறி 24, கோழி 16, முட்டை 8. நான்கு வகை என்றபடியால் ஒவ்வொன்றுக்கும் கால்வாசிதான் என்கிறான் மகன். சரியா? 30 பேரை வெள்ளிக்கிழமையும் மற்றவர்களைப் புதன், வியாழனிலும் கேட்டேன்.

பதில்: மகனின் கணக்கு தாயக்கட்டைக்குச் சரி. அதன் முகங்கள் சமவாய்ப்புள்ளவை. மீனும் முட்டையும் அப்படியல்ல. உங்கள் தரவே அதைக் காட்டுகிறது. இங்கே வேண்டியது பரிசோதனை நிகழ்தகவு: அந்த விடையைச் சொன்னவர்களின் எண்ணிக்கையை, கேட்கப்பட்டவர்களின் மொத்தத்தால் வகுப்பது. மீன் 32/80, அதாவது 0.4. மரக்கறி 0.3, கோழி 0.2, முட்டை 0.1. கூட்டினால் 1 வரவேண்டும், வருகிறது. 50 ஆல் பெருக்கினால் மீன் 20, மரக்கறி 15, கோழி 10, முட்டை 5.

இதோடு அடுப்பை மூட்டிவிடாதீர்கள். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வெள்ளிக்கிழமைதான் முக்கியம். யார் எந்த நாளில் என்ன சொன்னார்கள் என்று குறித்த தாள் இருந்தால் எடுத்துப் பிரியுங்கள். ஒரு பேச்சுக்கு, மரக்கறி என்ற 24 பேரில் 18 பேர் வெள்ளிக்கிழமை கேட்டவர்கள் என்று வையுங்கள். அப்போது வெள்ளிக்கு 18/30 = 0.6; மற்ற நாளுக்கு 6/50 = 0.12. வெள்ளிக்கு 30 மரக்கறிப் பார்சல் வேண்டும், மற்ற நாளுக்கு 6 போதும். 15 என்பது எந்த நாளுக்கும் பொருந்தாது! வெள்ளியில் பாதிப் பேருக்கு இல்லை, புதனில் ஒன்பது மிஞ்சும். வகுத்தலில் பிழையில்லை, வகுக்கும் எண்ணுக்குள் இரண்டு வேறு கூட்டம் கலந்திருந்தது.

வாங்கப்போகும் எல்லோருக்கும் பதிலாகக் கேட்ட மாதிரிக் கூட்டமாக 80 பேர் பெரிதுமல்ல; வேறு 80 பேரைக் கேட்டிருந்தால் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும். மீனின் 0.4 ஐ ஏறத்தாழ 0.29 இலிருந்து 0.51 வரை என்றே எடுக்கவேண்டும்; அதாவது 50 இல் 15 முதல் 25 வரை. இந்த அகலத்தைப் பாதியாக்க இரண்டு மடங்கு பேர் போதாது, நான்கு மடங்கு, 320 பேர் வேண்டும். அவ்வளவு பேரைத் தேடி அலைவது வீண் வேலை என்பது என் எண்ணம். வாயால் சொல்வதும் காசு கொடுத்து வாங்குவதும் ஒன்றல்லவே. "என்ன வேண்டும்" என்பதைவிட "நேற்று மத்தியானம் என்ன வாங்கினீர்கள்" என்று கேட்டிருந்தால் இன்னும் நம்பலாம்.

முதல் வாரத்தில் 30 பார்சலோடு தொடங்குங்கள். ஒரு கொப்பியில் நாள்வாரியாக விற்றதற்குக் கோடு போடுங்கள். முடிந்துபோன கறியைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவருக்கும் ஒரு கோடு. அதை விட்டால் மீனுக்கான தேவை குறைவாகவே தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கொப்பியின் பின்னங்களே உங்கள் நிகழ்தகவு. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவின் 25 நாட்களுக்கு மட்டும் புதுப் பக்கம் திறவுங்கள், அதை மற்ற நாட்களோடு கூட்டவேண்டாம்.