முள்ளிவாய்க்காலுக்குப் போய்வர ஒரு நாள் போதுமா?

கனடாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஆடி விடுமுறைக்கு 72 வயது அம்மாவோடும் 16 வயது மகனோடும் யாழ்ப்பாணம் வருகிறோம். அம்மாவின் தம்பி குடும்பம் 2009 இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் இல்லாமல் போனது. ஆனையிறவு, கிளிநொச்சி, முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் யாழ்ப்பாணம் திரும்பலாமா?"

வான் ஓட்டுகிறவரைக் கேட்டால் "ஓம், ஏலும்" என்பார். வீதி நல்ல வீதிதான். ஆனால் உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு நாள் எடுங்கள், ஓர் இரவு முல்லைத்தீவில் தங்குங்கள். வானையும் கிலோமீற்றர் கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிற்க நினைக்கும் இடத்தில் சாரதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலை 6 மணிக்கு வெளிக்கிடுங்கள். ஆனையிறவில் அரை மணித்தியாலம் போதும். 1991, 2000, 2009 என்று மூன்று முறை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் பெரும் சண்டை நடந்த நிலம் அது. 1991 சண்டையில் பயன்பட்ட கவச புல்டோசரை இராணுவம் வீதியோரம் காட்சிக்கு வைத்திருக்கிறது. அதைவிட, இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும் கடல்நீரேரியை மகனுக்குக் காட்டுங்கள். குடாநாட்டுக்கு ஏன் இந்த ஒடுங்கிய நிலம் திறப்பாக இருந்தது என்பது தானாக விளங்கிவிடும்.

பரந்தன் சந்தியில் கிளிநொச்சிக்கு நேரே போகாமல் இடப்பக்கம் ஏ-35 வீதியில் திரும்புங்கள். நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்ற இந்த வரிசையில்தான் சனம் இடம்பெயர்ந்தது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்த பிறகு தறப்பாளையும் சட்டி பானையையும் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் பங்கர் வெட்டி, செல் விழ விழ அடுத்த ஊருக்குப் போனார்கள். வான் ஒன்றரை மணித்தியாலத்தில் கடக்கும் சுமார் 50 கிலோமீற்றரை அவர்கள் போர் முடிந்த மே 18 வரை நடந்தார்கள். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்து நினைவிடத்தை மட்டும் பார்த்துத் திரும்பினால் இந்தத் தூரம் உங்கள் மகனுக்கு விளங்காது. ஊர்ப்பெயர்ப் பலகை வரும்போதெல்லாம் அம்மாவைக் கதைக்க விடுங்கள். கதைக்காமல் இருந்தால் அப்படியே விடுங்கள்.

காலைச் சாப்பாட்டையும் கழிப்பறைத் தேவையையும் புதுக்குடியிருப்பில் முடித்துக்கொள்ளுங்கள். கிழக்கு முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில் நிழல் குறைவு. ஆடி வெயிலில் 10 மணிக்கு மேல் வயதானவர்களால் மணலில் நிற்க முடியாது. குடை, தண்ணீர்ப் போத்தல், அம்மாவுக்கு ஒரு மடக்குக் கதிரை கொண்டு போங்கள். விளக்கு வைக்க விரும்பினால் சிட்டி (சின்ன மண் விளக்கு), எண்ணெய், திரியோடு ஒரு தேங்காய்ச் சிரட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சோளகக் காற்றில் வெறும் சிட்டி நூராமல் நிற்காது. சிரட்டைக்குள் இறக்கி வைத்தால் நிற்கும். நான் கூட்டிப்போன ஓர் அம்மா நாலு தரம் ஏற்றியும் நூர்ந்துபோக, கடைசியில் சேலைத் தலைப்பை விரித்து அதற்குள் குனிந்தபடியே இருந்தார். அதற்குப் பிறகு சிரட்டை இல்லாமல் நான் போவதில்லை.

மகனிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மணலுக்குள் இன்னும் செருப்புத் துண்டு, உடுப்புக் கந்தல் தெரியலாம். எதையும் கிளறக் கூடாது, ஞாபகத்துக்கென்று எடுக்கவும் கூடாது. அது யாரோ ஒருவருடையது என்பது ஒன்று. வெடிக்காத பொருள் இருக்கலாம் என்பது மற்றது. பற்றைக்குள்ளும் ஆளில்லாத வளவுக்குள்ளும் இறங்காமல், சனம் நடக்கும் பாதையிலேயே நடங்கள். மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்க விடாதீர்கள். அவசரமென்றால் அம்புலன்ஸுக்கு 1990.

அடுத்து வட்டுவாகல் பாலம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நந்திக்கடல் நீரேரி. கடைசி நாட்களில் சனம் கடந்து வந்தது இதால்தான். கையில் பிடித்துக் கொண்டுவந்து இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளை இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலத்தில் வாகனத்தை நிறுத்தாமல், தாண்டி ஓரமாக நிறுத்துங்கள். அன்று பின்னேரம் வேறெந்த இடமும் வேண்டாம்.

அடுத்த நாள் காலை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிக்கும் கோயில் அது. ஆடியில் ஆளரவம் குறைவாக இருக்கும், அம்மா ஆறுதலாக இருந்து கும்பிடலாம். பிறகு முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவிடம் இருக்கிறது. முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய அவனை 1803 ஒக்டோபர் 31இல் இந்த இடத்தருகே தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல் நட்டார்கள். வென்றவன் நட்ட கல்லைத் தோற்றவனின் ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று மகன் கேட்டால், நேரம் எடுத்துப் பதில் சொல்லுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஏ-9 வழியாக வடக்கே வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளிநொச்சி. இருட்டுமுன் யாழ்ப்பாணம் சேர்ந்துவிடலாம். தேவிபுரத்திலோ உடையார்கட்டிலோ அம்மா திடீரென்று "இஞ்ச நிப்பாட்டு" என்று சொல்லக்கூடும். அப்போது எதற்கென்று கேட்காமல் நிறுத்தச் சொல்லி, சாரதியிடம் வெளிக்கிட முன்பே சொல்லி வையுங்கள்.