பழைய பென்டிரைவை வட கொரியாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பெங்களூரு வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஆபீஸ் இடம் மாறியபோது 40 பழைய பென்டிரைவ்கள் மிஞ்சிவிட்டன. வட கொரியாவுக்குள் பென்டிரைவில் படங்களும் செய்திகளும் போகின்றன என்று படித்தேன். இவற்றைக் கொடுத்தால் பயன்படுமா?

பதில்: பயன்படும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பழைய டிரைவ்களை வாங்கி, அழித்து, புதிதாக நிரப்பி, தென் கொரியாவில் இருக்கும் வட கொரிய அகதிகளின் குழுக்களிடம் சேர்க்கும் ‘ஃப்ளாஷ் டிரைவ்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்ற முயற்சி 2016-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே கூரியர் அனுப்ப ஆகும் செலவில் பாதிகூட நம்ம ஊர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இந்த டிரைவ்களுக்குத் தரமாட்டார்கள்.

டிரைவுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் அது போய்ச் சேரும் வட கொரிய வீட்டில்தான். ‘நோட்டெல்’ என்று ஒரு சின்னச் சீன பிளேயர் அங்கே பரவலாக உண்டு. டிஸ்க்கும் ஓடும், பென்டிரைவும் ஓடும். அரசுப் படத்தின் டிஸ்க்கை உள்ளே போட்டுவைத்துவிட்டு, பென்டிரைவில் தென் கொரியத் தொடர் பார்ப்பார்கள். கதவு தட்டினால் டிரைவை உருவி ஒளித்துவிடலாம். டிஸ்க் மட்டும் இருந்த காலத்தில், சோதனைக்காரர்கள் முதலில் கட்டடத்தின் கரண்டைத் துண்டித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். டிஸ்க் மெஷினுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இப்போது பிளேயரைத் தொட்டுச் சூடு பார்க்கிறார்கள்.

அரசு விற்கும் போனிலும் டேப்லெட்டிலும் இந்த வேலை நடக்காது. அரசின் டிஜிட்டல் முத்திரை இல்லாத கோப்புகளை அவை திறக்கவே மாட்டா. போதாததற்கு, திரையை அவ்வப்போது தானே படம்பிடித்து வைக்கும். அதை அழிக்கவும் முடியாது. 2020 டிசம்பரில் வந்த சட்டப்படி தென் கொரியப் படம் பார்த்தால் 5 முதல் 15 வருடம் கடின உழைப்பு முகாம், பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம். அதனால்தான் அனுப்புகிறவர்கள் பென்டிரைவைவிட நகத்தளவு மெமரி கார்டை விரும்புகிறார்கள்.

தெற்கிலிருந்து டிரைவைக் கட்டிப் பறக்கவிடும் பலூனைப் பற்றியும் கேட்பீர்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்; எங்கே விழும் என்பது காற்றின் கையில். 2024-ல் வடக்கு பதிலுக்குக் குப்பையைக் கட்டி அனுப்பியது.

என் ஓட்டு ரேடியோவுக்கு. அல்சூரில் எங்கப்பா சிற்றலையில் இலங்கை வானொலி பிடிக்க ட்யூனரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. அங்கே அரசு ரேடியோக்களில் அலைவரிசையை மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். பூட்டை உடைத்தோ, கடத்தி வந்த செட்டிலோ வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்கிறார்கள். கேட்டு முடித்தபின் எந்தக் கோப்பும் மிஞ்சாது. கொடுமை என்னவென்றால், 2025 மார்ச்சில் அமெரிக்கா நிதியை வெட்டியதும் கொரிய மொழி ஒலிபரப்புகள் பெருமளவு முடங்கின. அதே வருட ஜூனில், வடக்கை நோக்கி எல்லையில் ஒலித்த ஒலிபெருக்கிகளையும் தென் கொரியா நிறுத்தியது.

ஆக, இன்று பற்றாக்குறை பணத்துக்குத்தான். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில், உங்கள் வங்கி மூலமே இப்படிப்பட்ட குழுக்களுக்கு நன்கொடை அனுப்பலாம். அதற்கு வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் காரணத்தைச் சரியாகக் குறியுங்கள். டிரைவ்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்று: வெறுமனே டெலிட் செய்தால் தரவு போய்விடாது. முழுக்க மேலெழுதி அழிக்க வேண்டும். அவை ஆபீஸ் சொத்து என்பதால், அதற்கும் முன்னால் உங்கள் ஐ.டி. அட்மினுக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.