பத்திரிகை அடிப்பதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கல்யாணப் பத்திரிகை பற்றிக் கேட்கலாம் என்று சொன்னேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். பலர் கேட்டவை ஒரே மாதிரி இருந்ததால் ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வரைகலை படித்துவிட்டுப் பகுதிநேரமாகப் பத்திரிகை வடிவமைக்கிறேன். என் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அச்சகத்துக்குப் போனதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடுகிறது. அங்கே இருப்பவருக்குத் தமிழும் தெரியாது. என்ன செய்வது?
– வாசகர், செங்காங்

அச்சகத்துக்காரரைத் திட்டாதீர்கள், பாவம். ஒன்று, அவர் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. இல்லையென்றால் மென்பொருளில் தமிழைக் கோத்துக் காட்டும் வசதி அணைந்து கிடக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்று தட்டினால் உள்ளே இருப்பது 'க', அதன் பின்னால் ஒகரக் குறி, அவ்வளவுதான். அந்தக் குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. நீங்கள் வடிவமைக்கும் மென்பொருள் அடோபி இன்டிசைன் என்றால் பத்தி அமைப்புக்குள் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்து அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்து எல்லாவற்றையும் அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள், அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. ஆனால் அதற்கு முன்பே எழுத்தைத் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெண் வீட்டுப் பெரியப்பா கடைசி நாள் ராத்திரி கூப்பிட்டுத் தன் பட்டப்பெயரைச் சேர்க்கச் சொல்வார். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய வாசகம் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடையாள அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயரைப் பார்த்து நீங்களாகத் தமிழில் எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு லகரமா ளகரமா, ரகரமா றகரமா என்று கண்டுபிடிக்கவே முடியாது. குடும்பத்தாரையே கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறந்துபோனவர் பெயருக்கு முன் 'அமரர்' இருக்கிறதா என்று மட்டும் இரண்டு வீட்டிலும் வாய் திறந்து கேளுங்கள். மற்ற எந்தப் பிழையையும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். வாசகம் முடிவாகாமல் மயிலும் தாமரையும் வரைய உட்காருவது வீண் வேலை.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை தங்க நிறத்தில் வேண்டும் என்றேன். கைபேசியில் ஜொலித்தது, அச்சில் கடுகு அரைத்த மாதிரி வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, பிடோக்

இல்லை அம்மா. சாதாரண அச்சில் நான்கு மைகள்தான்: சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இவற்றை எப்படிக் கலந்தாலும் பளபளப்பு வராது, பழுப்பு மஞ்சள்தான் வரும். ஜொலிக்க வேண்டுமென்றால் தங்க ஃபாயில் என்ற மெல்லிய பளபளப்புப் படலத்தை வைத்துச் சூட்டில் அழுத்த வேண்டும். அதற்குத் தனியாக ஒரு உலோக அச்சுக்கட்டை செய்வார்கள். அந்தச் செலவு ஐம்பது பத்திரிகைக்கும் அதேதான், ஐந்நூறுக்கும் அதேதான். அதனால் குறைவாக அடித்தால் ஒரு பத்திரிகையின் விலை ஏறும்.

முழு வாசகத்தையும் ஃபாயிலில் போடச் சொல்லாதீர்கள். பொடி எழுத்தில் ண, ஞ, ஜ போன்றவற்றின் உள்வளைவு அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். பிள்ளையார், மணமக்கள் பெயர், இவை போதும்.

அப்புறம் மஞ்சள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவத்தானே போகிறீர்கள்? பூச்சில்லாத தாள் என்றால் மஞ்சள் பிடித்துக்கொள்ளும். லேமினேஷன் போட்ட அட்டையில் நிற்காது, வழுக்கி உறையெல்லாம் ஈஷிவிடும். அரக்கு நிற அட்டை என்றால் தடவியதே தெரியாது. மூலைகளை வெளிர் நிறமாக, படம் எதுவும் இல்லாமல் விடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

சென்னையில் அடித்தால் மலிவு என்கிறார்கள். இங்கே சிங்கப்பூரிலேயே அடிக்கலாமா, அங்கே கொடுக்கலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

நூறுக்குள் என்றால் இங்கேயே டிஜிட்டலில் அடித்துவிடுங்கள். சன்ஷைன் பிளாசா, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் உள்ள அச்சுக்கடைகளுக்குப் போனால் தாளைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம். முந்நூறு நானூறு என்றால், கையில் இரண்டு மாதமாவது இருந்தால், சென்னைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம். அங்கே இருக்கும் வகைக்கு இங்கே ஈடு கிடையாது. ஆனால் கனமான பத்திரிகை உறையோடு அறுபது கிராம் வந்தால் நானூறுக்கு 24 கிலோ. அதை யார் தூக்கி வருவது என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து நிறத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம், ஒரு மாதிரியையாவது வரவழையுங்கள்.

அங்கே அடிப்பவர்கள் முகூர்த்த நேரத்தையும் திதியையும் அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே போட்டுவிடுவதுண்டு. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம், அதோடு இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில்தான். உதயத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நாள்காட்டியில் திங்கட்கிழமை 7.30 என்று இருக்கும் ராகு காலம் இங்கே 8.30 வாக்கில் தொடங்கும். கல்யாணம் நடக்கும் கோயில் குருக்களிடம் எழுதி வாங்கி, அதை அப்படியே அச்சில் ஏற்றுங்கள்.

முகவரியிலும் கொஞ்சம் கவனம். 'பெருமாள் கோயில்' என்றால் நமக்குப் போதும். உடன் வேலை செய்யும் சீன, மலாய் நண்பர்களுக்கு ஆங்கிலப் பக்கத்தில் 397 சிராங்கூன் சாலை, ஃபேரர் பார்க் எம்ஆர்டி என்று முழுசாகப் போடுங்கள்.

வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டு, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்கிறார். கொடுத்தாக வேண்டுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டியதில்லை. நீங்கள் தனியாகத் தொழில் செய்பவர் என்றால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை வரைந்த உங்களுக்கே பதிப்புரிமை. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வரைந்தால் அது முதலாளியுடையது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் இதே கதைதான், படம் எடுத்தவருக்கே உரிமை. அதனால் மணமக்கள் படத்தைப் பத்திரிகையில் போடுமுன் புகைப்படக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். சாமி படத்தையும் இணையத்தில் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள். ரவி வர்மா 1906இல் காலமானவர், அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் இப்போது எல்லாருக்கும் பொது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?
– வாசகர், தெம்பனிஸ்

நண்பர்களுக்குப் போதும். தாய்மாமனுக்கு அனுப்பிப் பாருங்கள், தெரியும். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியவர்களை எண்ணி, அதற்கு மேல் ஒரு இருபது சேர்த்து அடியுங்கள், மற்றவர்களுக்குக் கைபேசி. ஆனால் அச்சுக் கோப்பையே அனுப்பாதீர்கள், பெயரைப் படிக்க விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். 1080க்கு 1920 என்ற நெட்டு அளவில் பெயர், நாள், நேரம், இடம் மட்டும் பெரிதாக வைத்துத் தனியாக ஒன்று செய்துதரச் சொல்லுங்கள். அதற்கும் கட்டணம் உண்டு, பேரம் பேசாதீர்கள்.