கோரஸ் பாடகருக்கு மாதச் சம்பளம் எதற்கு?

கேள்வி: இணையத்தில் ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகம் ஒன்று பார்த்தேன். கதாநாயகனும் கதாநாயகியும் பாடுவது சரி. பின்னால் கோரஸ் என்று அறுபது எழுபது பேர் வேடம் கட்டி நின்று நாலு வரி பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு நிரந்தர வேலை, மாதச் சம்பளம் எல்லாம் உண்டாம். சம்பளத்தில் கை வைத்ததால் லண்டனில் வேலைநிறுத்தம் வரை போனார்களாம். நாடகத்துக்கு நாடகம் ஆள் கூப்பிட்டுக்கொண்டால் போதாதா?
— ஆர்.எஸ்., திருச்சி

பதில்: போதாது. உங்களுக்குத் தோன்றிய இதே யோசனை ஓபரா அரங்குகளை நடத்துகிறவர்களுக்கும் அவ்வப்போது தோன்றுகிறது. பல ஆண்டுகள் உழைத்து உருவான கோரஸ்கள் அதனால் சிதைகின்றன. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

‘நாலு வரி’ என்கிறீர்கள். பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வில் முதல் அங்கம் முடியும் பகுதியைத் தேடிப் பாருங்கள். 1805-இல் வியன்னாவில் அரங்கேறி, 1814-இல் இன்றைய வடிவத்துக்கு வந்த ஓபரா அது. கைதிகளை இருட்டறைகளிலிருந்து சிறிது நேரம் முற்றத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். பாடுகிறவர்கள் ஆண்கள் மட்டும். கண் கூச, தட்டுத் தடுமாறி வெளியே வருகிறவர்கள், திறந்த வெளியில் மூச்சு விடுவது எத்தனை சுகம் என்று ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்குகிறார்கள். மெல்ல மெல்லக் குரல்கள் ஏறுகின்றன. விடுதலையைக் கூவி அழைக்கும்போது அத்தனை தொண்டையும் திறக்கிறது. உடனே கைதி ஒருவர் எச்சரிக்கிறார்: மெதுவாகப் பேசுங்கள், நம்மை ஒட்டுக் கேட்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் அடங்க வேண்டும். சுருதி இறங்கக் கூடாது, சொல் மழுங்கக் கூடாது, ஆனால் அந்தப் பயம் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். கதாநாயகியின் கணவன் ஃப்ளோரெஸ்டான் முதல் அங்கத்தில் மேடைக்கே வருவதில்லை. அவன் அடைபட்டிருக்கும் சிறை எப்படிப்பட்டது என்று நமக்கு உணர்த்துகிறவர்கள் பெயரில்லாத இந்தக் கைதிகள்தாம்.

பெஞ்சமின் பிரிட்டனின் ‘பீட்டர் கிரைம்ஸ்’ (1945) இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு மீனவனை ஊரே சேர்ந்து விரட்டுகிற கதை அது. அந்த ஊர்தான் கோரஸ். கோரஸ் சுமாராக இருந்தால் அந்த ஓபராவில் எதிர்நாயகனே இல்லை என்று ஆகிவிடும்.

சரி, இதை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? ஓபராப் பாடகர்கள் மைக் இல்லாமல் பெரிய அரங்கை நிரப்பப் பழகியவர்கள். கோரஸில் நிற்பவரும் அப்படித்தான். அப்படிப்பட்ட குரலை அடக்கிப் பக்கத்துக் குரலோடு இழைய விடுவதுதான் கடினம். உயிரெழுத்தை எல்லோரும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். நீண்ட ஸ்வரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். ஆகவே இவர் வாங்கும்போது அவர் தாங்க வேண்டும், அவர் வாங்கும்போது இவர். கோரஸ் மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். பயிற்சி அறையில் ஒரு பியானோவை வைத்துக்கொண்டு, இசை நடத்துநர் வருவதற்கு வெகு முன்பிருந்தே, இந்த வேலையை வரி வரியாகச் செய்கிறவர் அவர். பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது ஒரு வார ஒத்திகையில் தெரிந்துவிடுவதில்லை. வருடக்கணக்கில் தோளோடு தோள் நின்று பாடித்தான் அது பிடிபடுகிறது.

புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃப்ளை’யில் கோரஸ் கண்ணில் படாமலே பாடும் இடம் ஒன்று உண்டு. கணவன் வருவான் என்று பட்டர்ஃப்ளை இரவெல்லாம் விழித்துக் காத்திருக்கிறாள். மேடைக்குப் பின்னாலிருந்து சொல்லே இல்லாத ஒரு ரீங்காரம் வருகிறது. பாடுகிறவர்களுக்கு இசை நடத்துநர் நேரில் தெரிய மாட்டார். ஓரத்தில் வைத்த திரையில் அவருடைய கை அசைவைப் பார்த்தோ, கூடவே நிற்கும் கோரஸ் மாஸ்டரின் கையைப் பார்த்தோதான் பாட வேண்டும். அவர்களுடைய ஒலி மேடையைக் கடந்து சபையை அடையச் சற்று நேரம் பிடிக்கும். தங்கள் காதில் விழும் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடினால், கேட்கிறவருக்குப் பாட்டு பின்தங்கிவிடும். அதனால் காதை நம்பாமல், கையை நம்பி, ஒரு நூலிழை முன்னால் பாட வேண்டும். அதுவும் வாயை மூடிக்கொண்டு, மிக மெல்ல.

இப்போது வேலைப் பளு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நிரந்தரக் கோரஸ் 80 பேர் அளவில் இருக்கும். ஓபரா நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு ஏழு நிகழ்ச்சிகள் வரை நடக்கும். இன்று இரவு வெர்டியின் ஓபரா, நாளை இரவு வாக்னருடையது, மறுநாள் வேறொன்று. பகலில் அடுத்து வரப்போகும் ஓபராவுக்கு ஒத்திகை. இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், செக் என்று பல மொழிகள், எல்லாம் மனப்பாடம். மேடையில் கையில் தாள் கிடையாது. வெளியூரிலிருந்து வரும் நட்சத்திரப் பாடகர் ஒரு பாத்திரத்தைப் பாடிவிட்டு அடுத்த விமானத்தில் போய்விடுவார். கோரஸ் அங்கேயேதான் இருக்கும்.

ஆள் கூப்பிட்டுக்கொள்ளும் உங்கள் யோசனையை ரோம் ஓபரா தீர்மானமாகவே போட்டது. 2011 மார்ச்சில் அங்கே இசை நடத்துநர் ரிக்கார்டோ முட்டி வெர்டியின் ‘நபுக்கோ’வை நடத்தினார். நாடிழந்த யூத அடிமைகளின் கோரஸ் முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. முட்டி சபையை நோக்கித் திரும்பி, கலைக்கான அரசு நிதி வெட்டப்படுவதைக் கண்டித்துப் பேசிவிட்டு, சபையையும் சேர்த்துக்கொண்டு பாட்டை மறுபடி பாட வைத்தார். கோரஸில் பலர் அழுதுகொண்டே பாடினார்கள். மூன்றரை வருடம் கழித்து, 2014 அக்டோபரில், அதே அரங்கின் நிர்வாகக் குழு ஆர்கெஸ்ட்ராவையும் கோரஸையும் ஒட்டுமொத்தமாக, 182 பேரையும், வேலையை விட்டு நீக்கி, அந்த வேலையை வெளியே ஒப்பந்தத்துக்கு விட முடிவு செய்தது. அங்கே தொழிற்சங்கத் தகராறுகள் மலிந்திருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவு பெரும் தவறு. அடுத்த மாதமே உடன்பாடு வந்து முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

அப்படியானால் வேறு வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறவர்களால் முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும், முடிந்திருக்கிறது. வேல்ஸ் தேசிய ஓபரா 1946-இல் கார்டிஃப் நகரில் முதல் பருவத்தை நடத்தியபோது கோரஸ் முழுவதும் அப்படிப்பட்டவர்கள்தாம். அவர்களுடைய பாட்டால்தான் அந்தக் குழுவுக்கே பெயர் வந்தது. ஆனால் அன்றைய பருவம் வருடத்துக்கு ஒரு வாரம், இரண்டு வாரம். அது ஆண்டு முழுவதும் இயங்கும் குழுவாக வளர்ந்தபோது, சம்பளம் பெறும் கோரஸ் இல்லாமல் நடக்கவில்லை. 1973-க்குள் அந்த மாற்றம் முடிந்துவிட்டது. பிரம்மாண்டமான ஓபராக்களுக்குக் கூடுதல் பாடகர்களைக் கூப்பிடும் வழக்கமும் பெரிய அரங்குகளில் உண்டு. வருகிறவர்கள் நிரந்தரக் கோரஸின் நடுவே நின்று, அவர்களைக் கேட்டுத்தான் தங்கள் குரலை ஒட்ட வைக்கிறார்கள்.

கடைசியாக, லண்டன் விவகாரம். 2016-இல் இங்கிலிஷ் தேசிய ஓபராவின் நிர்வாகம் கோரஸின் சம்பளத்தில் 25 விழுக்காடு வரை வெட்டப் பார்த்தது. கோரஸ் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தது. ஃபிலிப் கிளாஸின் ‘அக்நாத்தன்’ நிகழ்ச்சி ஒன்றில் முதல் அங்கத்தைப் பாடுவதில்லை என்று அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் சமரசம் ஆனது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒன்பது மாதமாகச் சுருங்கியது. இசை இயக்குநர் மார்க் விக்கிள்ஸ்வொர்த் பதவி விலகினார். அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் அதே கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும், லண்டன் அரங்க உலகின் பெரிய விருதான ஒலிவியர் விருதை ஓபராவுக்காக வாங்கின. நாட்டிலேயே தலைசிறந்தது என்று பாராட்டப்பட்ட குழுவின் நிலை அது.

அந்த வேலைநிறுத்த முடிவில் நான் முழுக்கக் கோரஸின் பக்கம். தங்கள் சம்பளத்தோடு சேர்த்து, சேர்ந்து பாடும் அந்தத் திறமையையும்தான் அவர்கள் காப்பாற்றப் பார்த்தார்கள். 2024-இல் நடந்த இன்னொரு போராட்டத்துக்குப் பிறகு ஒன்பது மாதம் ஏழு மாதமாகிவிட்டது. மீதி ஐந்து மாதம் அவர்கள் வேறு பிழைப்பு தேட வேண்டும். நல்ல குரலுள்ள இளம் பாடகர் ஒருவர், ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் ஜெர்மன் நகர அரங்கு ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.