நடுராத்திரியில் அழும் நாய்க்குட்டி: எழுந்து போகலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து நான்கு நாளாகிறது. ஒன்பது வாரக் குட்டி, பெயர் மணி. பகலில் சமத்தாக இருக்கிறான். ராத்திரி கூடத்தில் அவனுக்கு மெத்தை போட்டு, விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் அறைக்குள் போனதும் அழ ஆரம்பிக்கிறான். கொஞ்சம் அடங்குவான், மறுபடி ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு என்று ஊளை. “நீ எழுந்து போனால் அதுவே பழக்கமாகிவிடும், அழுது தானாக ஓயட்டும்” என்கிறார் கணவர். “என் கட்டிலில் படுக்க வைத்துக்கொள்கிறேன்” என்கிறாள் மகள். நேற்று நான் மனசு கேட்காமல் போய் மடியில் வைத்துக்கொண்டேன். தூங்கினான், கீழே விட்டதும் மறுபடி அழுகை. காலையில் பார்த்தால் கூடம் முழுக்க ஈரம். வீட்டில் எல்லோரும் தூக்கமில்லாமல் எரிந்து விழுகிறோம். யார் சொல்வது சரி? இது இன்னும் எத்தனை நாளைக்கு?
– ஒரு வாசகி

பதில்: மூவரில் உங்கள் பக்கம்தான் நான் சாய்வேன், ஆனால் அரை மனதோடு. எழுந்து போனது சரி. அவன் அழுது களைத்த பிறகு போனதும், போய் மடியில் தூங்க வைத்ததும்தான் சிக்கல்.

மணி அழுவதற்குக் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, தனிமை. நான்கு நாள் முன்புவரை அவன் ஓர் இரவுகூடத் தனியாகப் படுத்தவன் இல்லை. அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டோ, கூடப் பிறந்தவற்றின் மேல் ஏறிக்கொண்டோதான் தூங்கியிருப்பான். கூட்டத்தைவிட்டு விலகிய குட்டி சத்தம் போட்டால்தான் தாய் தேடி வரும். கத்தாத குட்டி பிழைக்காது. அந்த இயல்பு அவன் பிறப்போடு வந்தது. இரண்டாவது காரணம் மூத்திரப்பை. ஒன்பது வாரக் குட்டிக்கு அது சின்னது, அடக்கும் தசையும் இன்னும் பலப்படவில்லை. பிடிவாதம், நடிப்பு, வேண்டுமென்றே செய்வது என்பதெல்லாம் நாம் வைக்கும் பெயர்கள்.

இப்போது உங்கள் கணவரின் யோசனை. அழவிட்டால் சில குட்டிகள் நிறுத்திவிடும் என்பது உண்மைதான். பயம் தீர்ந்து நிறுத்துவதில்லை, களைத்துப்போய் நிறுத்துகின்றன. அதற்குள், வெளியே போகச் சொல்லி அழுத குட்டி படுத்த இடத்திலேயே போய்விட்டிருக்கும். படுக்கையை அசுத்தம் செய்யக்கூடாது என்ற கூச்சம் நாய்களுக்குத் தானாகவே உண்டு. கழிப்பறைப் பழக்கம் முழுவதும் அந்தக் கூச்சத்தின் மேல்தான் நிற்கிறது. வேறு வழியில்லாமல் அதை அவனே மீறும்படி சில இரவுகள் விட்டால், பிறகு பழக்குவது கடினம். இன்னொன்றும் உண்டு. “அழட்டும்” என்று தீர்மானித்த பல வீடுகளில் அது கடைசிவரை நடப்பதில்லை. அரை மணி, முக்கால் மணி பொறுத்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குப் பயந்து யாராவது எழுந்து போய்விடுகிறார்கள். முக்கால் மணி விடாமல் கத்தினால் ஆள் வரும் என்று குட்டி அதில் கற்றுக்கொள்கிறது. இதற்கு முதல் சிணுங்கலிலேயே போவது எவ்வளவோ மேல்.

மகளின் கட்டில் இப்போதைக்கு வேண்டாம். இந்த வயதில் எலும்பு மெல்லியது; கட்டிலிலிருந்து குதித்து முன்னங்காலை முறித்துக்கொள்ளும் குட்டிகள் உண்டு. மெத்தை நனைவதும் நிச்சயம். வளர்ந்த நாய் கட்டிலில் படுப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, அது அந்தந்த வீட்டு முடிவு. ஆனால் முழுதாக வளர்ந்த மணிக்குக் கட்டிலில் இடம் கொடுக்கமாட்டீர்கள் என்றால், குட்டி மணிக்கும் கொடுக்காதீர்கள். பாதியில் இறக்கிவிட்டால் ஏன் என்று அவனுக்கு எப்படிப் புரியும்?

அப்படியானால் என்ன செய்வது? அவன் படுக்கையை உங்கள் அறைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், நீங்கள் படுத்தபடியே கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். உங்கள் மூச்சு கேட்கும், வாசனை தெரியும். பாதி அழுகை இதிலேயே போய்விடும்.

அறையில் அவிழ்த்துவிடக்கூடாது, மூலையில் போய்விட்டு வந்து படுப்பான், மின்கம்பியையும் கடிப்பான். நாய்க்கூண்டு ஒன்று இருந்தால் நல்லது. நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும், அதற்குமேல் வேண்டாம். பெரிதாக இருந்தால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையைக் கழிப்பறையாகவும் வைத்துக்கொள்வான். பெரிதாக வளரும் இனம் என்றால், நடுவில் தடுப்பு வைக்கிற கூண்டாக வாங்கி, வளர வளரத் தள்ளிக்கொள்ளலாம். கூண்டு கைக்கு வரும்வரை கெட்டியான, உயரமான அட்டைப்பெட்டி சமாளிக்கும்.

ராத்திரிதான் முதல்முறையாகக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு வையுங்கள், தின்பண்டம் போடுங்கள். அவனாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கதவைச் சாத்திப் பாருங்கள். தப்பு செய்தால் கூண்டு என்கிற தண்டனைப் பேச்சே கூடாது. உள்ளே இருக்கும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். அவனைக் கொடுத்தவர்களிடம் தாயும் குட்டிகளும் படுத்திருந்த துணி ஒன்று கிடைத்தால் கேட்டு வாங்கி, துவைக்காமல் உள்ளே போடுங்கள். வெந்நீர்ப் பாட்டில் வைப்பதும் பலன் தரும்: சுடாத, வெதுவெதுப்பான தண்ணீர், மேலே துணி சுற்றி, அவன் விலகிப் படுக்க இடம் விட்டு.

அடுத்தது அலாரம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், அது அடக்கக்கூடிய மணி நேரம் ஏறத்தாழத் தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். இது பொதுக்கணக்குதான், சிறு இனங்களுக்கு இன்னும் குறையும், தூக்கத்தில் கொஞ்சம் நீளும். மணிக்கு மூன்று மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். படுக்கும் முன் பதினொரு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே கொண்டுபோய்விட்டு, இரண்டு மணிக்கு அலாரம் வையுங்கள், அப்புறம் ஐந்து மணிக்கு. அவன் அழுவதற்கு முன்பே நீங்கள் எழுந்துவிட வேண்டும். அழுது எழுப்பத் தேவையே இல்லாதபோது, அழுதால் ஆள் வரும் என்ற பாடமும் அவன் மண்டையில் ஏறாது. உங்களுக்கும் ஒரு நிம்மதி: எப்போது கத்துவானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதைவிட, அலாரத்தை நம்பித் தூங்குவது மேல். ஒரு முறை கணவர், ஒரு முறை நீங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சில இரவுகள் தொடர்ந்து படுக்கை ஈரமாகாமல் இருந்தால் அலாரத்தைக் கால் மணி தள்ளுங்கள். அதுவும் நின்றால் இன்னொரு கால் மணி. நனைந்துவிட்டதா, பழைய நேரத்துக்கே திரும்புங்கள். இப்படித் தள்ளித் தள்ளி இரண்டு முறை ஒன்றாகிவிடும், பிறகு அந்த ஒன்றும் விடியற்காலையோடு போய்ச் சேர்ந்துவிடும்.

வெளியே கொண்டுபோகும்போது தூக்கிக்கொண்டு போங்கள், நடக்கவிட்டால் வழியிலேயே விட்டுவிடுவான். தினமும் ஒரே இடம், மங்கலான வெளிச்சம், பேச்சு கிடையாது. ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். போனதும் மெதுவாக ஒரு “சரிடா, நல்லவன்”, உடனே பெட்டிக்குள். அவன் உங்கள் செருப்பைக் கடித்து விளையாடக் கூப்பிடுவான், கண்டுகொள்ளாதீர்கள். ராத்திரி எழுந்தால் சுவாரசியமாக எதுவும் நடக்காது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை, தெரியாத நாய்கள் புழங்கும் மண்ணில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளின் குடலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சொந்த முற்றம் இல்லாதவர்கள் பால்கனியிலோ குளியலறையிலோ செய்தித்தாள் விரித்துப் பழக்கலாம், இடத்தை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும்.

அலாரத்துக்கு முன்பே அழுதால்? தூங்கிக்கொண்டிருந்தவன் திடீரென எழுந்து, மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால் அது அவசரம், தூக்கிக்கொண்டு போங்கள். இப்போதுதான் வெளியே போய்விட்டு வந்து படுத்த சில நிமிடத்தில் சிணுங்கினால் அது துணைக்கு. கூண்டுக்குள் விரலை நீட்டுங்கள், தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள், வெளியே எடுக்காதீர்கள். எது என்று புரியவில்லையா, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அந்த மௌன நடையில் அவனுக்கு லாபம் ஒன்றும் இல்லை என்பதால் கெட்ட பழக்கமாகாது. நேற்று நடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான்: மடி என்பது லாபம்.

பகலில் சமத்து என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் எவ்வளவு தூங்குகிறான் என்று கவனியுங்கள். இந்த வயதில் ஒரு நாளுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், சில குட்டிகள் இருபது மணி நேரம்கூடத் தூங்கும். “பகலில் தூங்கவிட்டால் ராத்திரி விழித்திருக்கும், சாயங்காலம் ஓடவிட்டு அலுக்க வைத்தால் படுத்துவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். அளவுக்கு மீறிக் களைத்த குட்டி, தூக்கம் கெட்ட கைக்குழந்தை மாதிரி. கண்டதைக் கடிக்கும், வீட்டைச் சுற்றிச் சுற்றி வெறிபிடித்தாற்போல் ஓடும், கடைசியில் படுக்கவும் தெரியாமல் அழும். மகள் ஆசையாக விளையாடட்டும், ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அப்புறம் படுக்க விடச் சொல்லுங்கள். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஓட்டமும் பந்தும் வேண்டாம். கடித்து மெல்ல ஏதாவது கொடுத்தால் போதும்.

பகலிலும் துளித் துளியாகத் தனிமையைப் பழக்குங்கள். நீங்கள் வேறு அறைக்குப் போய், அவன் அழுவதற்குள் திரும்பி வந்துவிடுவது. முதலில் அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம். பகல் முழுக்க யார் மடியிலாவது இருந்துவிட்டு ராத்திரி மட்டும் தனியாக இரு என்றால் நியாயமில்லை.

சாப்பாடு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, கடைசி வேளை படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு முடியட்டும். மிகச் சின்ன இனக் குட்டிகளுக்கு நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். அவற்றுக்கு நேரத்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு எடுத்துவிடலாம். சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் காட்டாமல் வைப்பது தவறு, வெக்கையான நாட்களில் எடுக்கவே வேண்டாம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் நாலரைக்கே பசிக்கும். வெளியே போய் வந்து அரை மணி கழித்து வையுங்கள்.

கூடத்தின் ஈரத்துக்கு ஒரு வார்த்தை. அமோனியா வாடை உள்ள திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவன் மூக்குக்கு அதுவும் சிறுநீர் மாதிரிதான், அங்கேயே மறுபடி போவான். நொதி கலந்த, செல்லப்பிராணிக் கறைக்கென்றே வரும் திரவம் வாடையை உடைத்துவிடும். மூக்கை ஈரத்தில் தேய்ப்பது, செய்தித்தாளால் அடிப்பது எல்லாம் வேண்டாம். எப்போதோ செய்ததற்கு இப்போது அடி என்பது அவனுக்குப் புரியாது, உங்களைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்வான்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் படுக்க வைத்தால் அழுகை பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும், முதல் சில இரவுகள்தான் மோசம். நடுவில் எழாமல் ஆறேழு மணி நேரம் தூங்குவது நான்கு மாத வாக்கில் பல குட்டிகளுக்கு வந்துவிடும், சின்ன இனங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் சமயத்தில் மறுபடி சில இரவுகள் கெடலாம். கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்பது வீட்டு முடிவென்றால், அவன் சில வாரம் நிம்மதியாகத் தூங்கிய பிறகு கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள், பிறகு கதவுக்கு வெளியே, பிறகு கூடத்துக்கு. ஓரிடத்தில் அழுதால் முந்தைய இடத்துக்குத் திரும்பி வந்து இன்னும் சில நாள் பொறுங்கள்.

தூக்கத்தில் காலை உதறுவான், உதட்டைத் துடிக்கவிடுவான், மெல்லக் குரைப்பான். கனவுத் தூக்கம், எழுப்ப வேண்டாம். ஆனால் சொட்டுச் சொட்டாக அடிக்கடி சிறுநீர் போவது, முக்குவது, சிறுநீரில் ரத்தம், ஓயாமல் சொறிவது, வயிறு உப்பியிருப்பது, தொட்டால் கத்துவது இவற்றில் ஏதாவது இருந்தால் அழுகைக்குக் காரணம் வேறு. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்பதையும் அப்போதே கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் துவண்டு படுப்பது என்று சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். பார்வோவாக இருந்தால் சில மணி நேரம்கூட முக்கியம்.