கொலோன் கார்னிவல்: வெளிநாட்டு ஸ்டூடண்ட்டுக்கு அங்க என்ன இருக்கு, குடிக்காதவங்களுக்கு போரடிக்குமா?

அடுத்த விண்டர் செமஸ்டருக்கு ஜெர்மனி கொலோன் போறேன், கார்னிவலுக்கு போகலாமா, குடிக்கற பழக்கம் இல்லன்னு கேட்டிருக்கீங்க. நான் அங்கதான் மாஸ்டர்ஸ் பண்ணேன், இப்ப சென்னைல வேலை. கார்னிவல்னா ஈஸ்டருக்கு முந்தின நோன்பு தொடங்கறதுக்கு முன்னாடி ஊரே வேஷம் போட்டு கொண்டாடற தெருத்திருவிழா. தாராளமா போலாம், ஆனா எந்த இடத்துல போய் நிக்கறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

நம்ம பசங்க நேரா போறது யூனிவர்சிட்டி பக்கத்துல இருக்கற ட்ஸுல்பிஷர் தெருவுக்கு. நவம்பர் 11 காலைல 11:11க்கு சீசன் தொடங்கும்போதும் சரி, பிப்ரவரில முக்கிய வாரம் ஆரம்பிக்கற வியாழக்கிழமையும் சரி, இளவட்டம் மொத்தமும் அங்கதான், கண்ணாடி பாட்டிலுக்கு தடை, கூட்டம் ஓவரானா வழியவே அடைச்சுடுவாங்க, பாத்ரூம் போறதுக்குள்ள உயிர் போயிடும். அரைமணி பாத்துட்டு கெளம்பிடுங்க. இத மட்டும் பாத்துட்டு கார்னிவல்னா குடிகாரங்க கூத்துன்னு ஊருக்கு போன் போட்டு சொல்றவங்க நெறைய பேரு.

திங்கக்கிழமை ரோசன்மோன்டாக் பெரிய ஊர்வலம், 1823ல இருந்து வர்ற வழக்கம், கிலோமீட்டர் கணக்கா வண்டிங்க, அரசியல்வாதிங்கள நக்கலடிச்சு செஞ்ச பெரிய பெரிய பொம்மைங்க, கண்டிப்பா பாருங்க. ஆனா எனக்கு புடிச்சது செவ்வாக்கிழமை ஏரன்ஃபெல்ட், நிப்பஸ் மாதிரி ஏரியாக்கள்ல நடக்கற சின்ன ஊர்வலம்தான். அந்தந்த ஏரியா ஆளுங்களே வேஷம் போட்டு நடந்து வருவாங்க, நீங்க "கமெல்லெ"ன்னு கத்தினா மிட்டாய், சாக்லேட், பூவெல்லாம் வீசுவாங்க, சிலர் குடையை தலைகீழா புடிச்சு அள்ளுவாங்க. நான் கூச்சப்பட்டு மெதுவா கத்தினேன்னு பக்கத்துல நின்ன ஒரு பாட்டி திட்டிட்டு, அவங்க பையில இருந்து ரெண்டு கை சாக்லேட் எடுத்து என் பையில போட்டாங்க. மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்னிக்கு யாருன்னே தெரியாதவங்க கூப்ட்டு கைல மோர் குடுப்பாங்கல்ல, அதே உரிமை. வகுப்புல மாசக்கணக்குல பேசாத ஜெர்மன்காரங்க கூட அன்னிக்கு தோள்ல கை போட்டு ஆடுவாங்க (புதன்கிழமை திரும்ப பழையபடி ஆயிடுவாங்க, அது வேற விஷயம்).

வேஷம் மட்டும் கண்டிப்பா போடுங்க. ஜீன்ஸ் ஜாக்கெட்ல போனா நீங்கதான் தனியா தெரிவீங்க. செகண்ட் ஹேண்ட் கடைல எதையாவது புடிங்க, உள்ள தெர்மல் போடற அளவுக்கு லூசா இருக்கணும், பிப்ரவரி குளிருக்கு வேட்டி ஐடியாவெல்லாம் வேணாம். வியாழக்கிழமை பெண்கள் நாள், கத்திரியோட வந்து ஆம்பளைங்க டையை வெட்டிடுவாங்க, அதனால நல்ல டை கட்டாதீங்க. ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்தி கத்தறது "அலாஃப்", மறந்தும் "ஹெலாவ்"னு சொல்லிடாதீங்க, அது பக்கத்து ஊர் டுசல்டார்ஃப்காரங்களோடது, ரெண்டு ஊருக்கும் ஆகாது.

பப்ல கோல்ஷ் பீர் 200 மில்லி சின்ன கிளாஸ்ல வரும், கிளாஸ் மேல அட்டையை வெச்சு மூடற வரைக்கும் கேக்காமயே அடுத்தது வெச்சுட்டே இருப்பாங்க. நீங்க ஆப்பிள் ஜூஸ் சோடா சொல்லிக்கோங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. செவ்வாக்கிழமை ராத்திரி பப் வாசல்ல நுப்பல்னு ஒரு வைக்கோல் பொம்மை மேல அந்த வாரம் பண்ண அத்தனை பாவத்தையும் ஏத்தி, பொய்யா ஒப்பாரி வெச்சு கொளுத்துவாங்க, அத விட்டுடாதீங்க.

2027ல வியாழன் பிப்ரவரி 4, ரோசன்மோன்டாக் பிப்ரவரி 8. அந்த வாரத்த ஒட்டி எக்ஸாம் இருக்கான்னு இப்பவே பாத்து வெச்சுக்கோங்க, வெளியூர்ல இருந்து ஃப்ரெண்ட்ஸ் வராங்கன்னா உங்க ரூம்லயே படுக்க வெச்சுக்கோங்க, ஹோட்டல் ரேட் தாங்காது.