பொருத்தனையும் புள்ளிக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஆலயத்திலிருந்து வந்ததும் டைரியில் மூன்று தீர்மானங்கள் எழுதுகிறேன். தினம் நான்கு அதிகாரமாக வேதாகமத்தை அந்த வருடத்துக்குள் வாசித்து முடிப்பது, கோபத்தை விடுவது, கடனை அடைப்பது. மாதம் முடிவதற்குள் வாசிப்பு நின்றுவிடுகிறது. அந்தக் குற்ற உணர்ச்சியில் ஜெபமும் குறைந்துபோகிறது. என் விசுவாசம் பலவீனமானதா? 'எல்லாம் கர்த்தர் சித்தம் என்று விடாமல் இலக்கு எதற்கு?' என்கிறார் நண்பர் ஒருவர். கடன் தீர்ந்தால் பெரிய காணிக்கை தருவதாகப் பொருத்தனை செய்யலாமா என்றும் யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாசிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்கலாம். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. தினம் நான்கு என்றால் 19ஆம் நாள் யாத்திராகமம் 25க்கு வந்துவிடுவீர்கள். செங்கடலும் சீனாய் மலையும் கடந்து, இஸ்ரவேலர் வழிபட அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பலகை எத்தனை முழம், திரை எவ்வளவு நீளம் என்ற அளவுகள் தொடங்கும் இடம் அது. 23ஆம் நாள் லேவியராகமம், பலிகளின் விதிமுறைகள். முதல் தடவை வாசிக்கிறவர்கள் இங்கேதான் கூட்டமாக விழுவார்கள். இதை விசுவாசத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

இரண்டாவது கோளாறு, விட்டதைப் பிடிக்கும் முறை. ஒரு நாள் விட்டால் மறுநாள் எட்டு, இரண்டு நாள் விட்டால் பன்னிரண்டு. பன்னிரண்டு அதிகாரத்தைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறக்கவே கை வராது. நீங்கள் வைத்திருக்கும் வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள் இருக்கும். தினம் நான்கு என்றால் 298 நாளில் முடிகிறது, வருடத்தில் 67 நாள் மிச்சம். ஆகவே விட்ட நாளை விட்டுவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து மறுநாள் அதே நான்கு, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். முதல் முயற்சி என்றால் நான் இதையும் சொல்ல மாட்டேன். நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரம்தான். தினம் ஒன்று, மூன்று மாதம். முதலில் மாற்கு, 16 நாளில் ஒரு புத்தகம் முடியும். முடித்த அனுபவம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கோபத்துக்கு வருகிறேன். 'கோபத்தை விடுவேன்' என்பதில் இடமும் இல்லை, நேரமும் இல்லை, முடிவு நாளும் இல்லை. பூஜை தொடங்கும் முன் இந்துக்கள் சொல்லும் சங்கல்பத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? எந்த வருடம், எந்த மாதம், எந்தத் திதி, எந்த இடம், செய்பவர் யார், எதற்காக, என்ன செய்யப்போகிறார் என்று அத்தனையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காரியம் தொடங்கும். விரதங்களுக்கும் எல்லை உண்டு. மண்டலம் 48 நாள், ரமலான் 29 அல்லது 30, தவக்காலம் ஞாயிறுகளைக் கழித்து 40. 'இன்று முதல் என்றென்றைக்கும்' என்று இவற்றில் எதுவும் தொடங்கச் சொல்லவில்லை. ரமலானில் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிற்பாடு வேறு நாளில் நோற்கலாம். மனிதன் தவறுவான் என்பதை விதி செய்யும்போதே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் தீர்மானத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'வரும் திங்கள் முதல் 40 நாள், வீட்டில், பிள்ளைகளிடம் குரல் உயர்த்த மாட்டேன். குரல் ஏறுகிறது என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்தி ஒரு வரி ஜெபம் சொல்வேன்.' அலுவலகக் கோபம், சாலைக் கோபம் எல்லாம் பிறகு.

இதற்கு ஒரு பழைய கணக்குமுறை இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் எழுதி 1548இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் வருவது. வாரத்துக்கு ஒரு தாள், ஒரு நாளுக்கு இரண்டு கோடு. காலையில் எழுந்ததும் எந்தக் குற்றத்தைத் தவிர்க்கப் போகிறோம் என்று மனதில் நிறுத்த வேண்டும். மதிய உணவுக்குப் பின், எழுந்ததிலிருந்து அதுவரை எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். இரவு உணவுக்குப் பின் மற்றக் கோட்டில் அதேபோல. தவறிய அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கைவைத்து வருந்திக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பிறகு மேல்கோட்டைக் கீழ்கோட்டோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடுவது. முதல் வாரம் புள்ளிகள் கூடினால் பயப்படாதீர்கள். கோபம் கூடியிருக்காது, உங்கள் கண்ணில் படுவது கூடியிருக்கும். புள்ளிகள் மாலையிலேயே குவிகின்றன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பசியா, களைப்பா, வீடு திரும்பிய கையோடு தொடங்கும் விசாரணையா என்று பார்த்து அந்த இடத்தில் கைவைக்கலாம்.

நண்பர் சொன்னதற்கு, பிடிபடும் முன் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பாருங்கள். 'இந்தப் பாத்திரம் (வரவிருக்கும் பாடு) என்னைவிட்டு நீங்கட்டும்' என்று அவர் முதலில் வெளிப்படையாகக் கேட்கிறார். அதன் பிறகே, என் சித்தத்தின்படியல்ல என்கிறார். என்ன வேண்டும் என்றே தெரியாதவர் எதை ஒப்புக்கொடுப்பது? ஒரு காரியத்தில் இறங்கும் முன் முஸ்லிம்கள் இறைவனிடம் வழி கேட்கும் இஸ்திகாரா தொழுகையிலும் இதே வரிசைதான். இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, தீயதென்றால் அதை என்னிடமிருந்து விலக்கு, என்னையும் அதிலிருந்து விலக்கு என்று துஆ, அதாவது வேண்டுதல், கேட்பார்கள். இலக்கு தகுதியானதா என்று பார்க்க நானறிந்த நல்ல சோதனை அது. 'விலக்கிவிடு' என்ற பாதியைச் சொல்ல நாக்கு மறுத்தால், அந்த ஆசையைக் கொஞ்ச நாள் ஆறப்போடுங்கள்.

பொருத்தனை வேண்டாம். நேர்ந்துகொண்டு செலுத்தாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பது நல்லது என்று வேதாகமத்தின் பிரசங்கி புத்தகமே சொல்கிறது. கடனில் இருப்பவர் காணிக்கை நேர்வது இன்னொரு கடன். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் வருகிறதே, அதை அப்படியே செய்யுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, மாதத் தவணை என்ன என்று ஒரே தாளில் எழுதுங்கள். எல்லாத் தவணையையும் கட்டிய பின் மிஞ்சுவதை, வட்டி அதிகமான கடனில் மட்டும் போடுங்கள். அது தீர்ந்ததும் அந்தத் தொகை முழுவதும் அடுத்த கடனுக்கு. வீட்டில் இன்னொருவருக்கும் இந்தத் தாள் தெரிந்திருக்கட்டும். ஒளித்துவைத்த கடன்தான் புதுக் கடனுக்குக் கூட்டிப்போகும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். கடன் தாளை இந்த வாரமே எழுதலாம், அதற்கு மனவுறுதி தேவையில்லை, ஒரு மாலைப்பொழுது போதும். மாற்குவையும் கூடவே தொடங்கலாம். புள்ளித்தாள் மாற்கு முடிந்த பிறகு. ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம்.